வாத்துக் குட்டையும் பழைய ஆற்றின் கோடும்

திஸா ஆற்றின் வலது பக்கம், முப்பத்தொன்பதாவது கிலோமீட்டர் கல்லிலிருந்து நாற்பத்தேழாவது கல் வரைக்கும் கரைக் காவலர் சோர்பா அம்ப்ருஷ் வைத்ததுதான் சட்டம். எட்டு கிலோமீட்டர் வெள்ளக்கரை. பத்தொன்பது வருடம் தினமும் நடந்தார். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் இரும்பு முனை வைத்த கழி. எலி வளை கண்ணில் பட்டால் கழியை விட்டு ஆழம் பார்ப்பார், களிமண்ணைத் திணித்து மிதிப்பார். கரைமேல் பன்றி ஏறினால் பன்றிக்காரன் தொலைந்தான். டிராக்டர் தடம் பதிந்திருந்தால் எந்த டிராக்டர், யார் ஓட்டினது என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். திஸாகேஷ் ஊரில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. கறாரான ஆளை யாருக்குப் பிடிக்கும், சொல்லுங்கள்!

வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் வெட்டி அலட்டலாகத் தெரியும். கோடையில் வந்து திஸாவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கிலோமீட்டருக்கு நாலைந்து சென்டிமீட்டர்தான் சரிவு. ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவசரமில்லாத ஆறு என்பதால்தான் அந்தக் காலத்தில் இஷ்டத்துக்கு வளைந்து வளைந்து போனது. வளைவின் வெளிப்பக்கத்தை அரிக்கும், அரித்த மண்ணைக் கீழே கொண்டுபோய் அடுத்த வளைவின் உள்பக்கத்தில் திட்டாகப் போடும். இப்படியே நகர்ந்து நகர்ந்து, எங்கள் சமவெளியில் அது படுத்துப் புரளாத இடமே இல்லை. பிறகு கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் வளைவுகளைக் குறுக்கே வெட்டி ஆற்றை நேராக்கினார்கள். இரண்டு பக்கமும் கரை எழுப்பினார்கள். வெட்டுப்பட்ட வளைவுகளை நாங்கள் செத்த திஸா என்போம். சிலவற்றில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. சிலது வண்டல் மூடி வயலாகிவிட்டது. மேலே கோதுமை, கீழே பழைய ஆற்று மணல்.

நேராக்கிய ஆற்றில் வெள்ளம் சீக்கிரம் வருகிறது, உயரமாகவும் வருகிறது. கரைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்போது, அது கரைக்கு அடியில் இருக்கும் மணலுக்குள் புகுந்து இந்தப் பக்கம் வரப் பார்க்கும். மேலே போர்த்தியிருக்கும் களிமண் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பிய்த்துக்கொண்டு கொப்பளிக்கும். மணல் ஊற்று என்று அதற்குப் பெயர். அதைக் கண்டால் அடைக்கக் கூடாது. சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிட வேண்டும். ஏறிய தண்ணீரின் பாரமே ஊற்றை அமுக்கும். மணல் வருவது நின்று, தெளிந்த தண்ணீர் மட்டும் வழியும்போது வட்டத்தை உயர்த்துவதை நிறுத்திக்கொள்ளலாம். அடைத்தால் அது வேறு இடத்தில் பிய்க்கும், பெரிதாகப் பிய்க்கும், கரையின் வயிற்றையே காலி செய்யும்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊர்ச் சாவடியில் ஆட்களைக் கூட்டி அம்ப்ருஷ் இதையேதான் சொல்லுவார். "தண்ணி போனா போகட்டும், மண்ணு போகக் கூடாது. அடைக்கிறவன் ஊரை மூழ்கடிக்கிறவன். புரிஞ்சுதா?" பின் பெஞ்சிலிருந்து யாராவது, "புரிஞ்சுது அம்ப்ருஷ் மாமா, போன வருஷமே புரிஞ்சுது" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

களிமண் போர்வையை யாரும் கிழிக்கக் கூடாது என்பதற்காகவே கரையின் அடியிலிருந்து அறுபது தப்படிக்குள் மண்வெட்டி போடக் கூடாது என்று விதி. வில்மா சித்தி உருளைக்கிழங்கு போட்டு வைக்க ஐம்பத்தைந்து தப்படியில் ஒரு குழி வெட்டியிருந்தார். அம்ப்ருஷ் கூடவே நின்று அதை மூட வைத்தார்.

"ஏன்டா அம்ப்ருஷ், என் உருளைக்கிழங்கு ஆத்துக்குள்ள நீச்சலடிச்சிப் போயிடுமா?" என்று வில்மா சித்தி கத்தினார்.

"கிழங்கு போகாது சித்தி. நீங்கதான் போவீங்க. மிதிங்க, நல்லா மிதிங்க."

கூட்டுப் பண்ணைத் தலைவர் ராட்ஸ் பாலிந்த் செங்கல் சூளைக்குக் கரையோரக் களிமண் கேட்டபோதும் இதே கதைதான். தலைவராவது மண்ணாங்கட்டியாவது, அம்ப்ருஷ் கரைப் பதிவேட்டில் எழுதி நீர் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார். பாலிந்த் அதை மறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷன், தன் காவல் வீட்டுக் கொல்லையில், கரையிலிருந்து நாற்பது தப்படியில், தன் கையாலேயே ஒரு குட்டை வெட்டினார். சொன்னால் நம்புவீர்களா?

காரணம் அவர் மனைவி எடெல்கா. அந்த அம்மாள் பிறந்தது செத்த திஸா ஒன்றின் ஓரத்தில். வாத்துகளோடு வாத்தாக வளர்ந்தவர். கல்யாணமாகிக் காவல் வீட்டுக்கு வந்ததிலிருந்து வாத்து வளர்க்கலாமா என்று கேட்டதே இல்லை, ஏனென்றால் வாத்து கரைப் புல்லைப் பிடுங்கும், அதற்கு அனுமதி கிடையாது என்று தெரியும். அப்புறம் ஒரு குளிர்காலம் முழுக்க நெஞ்சுச் சளியோடு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பாரா என்று டாக்டர்களே கையை விரித்தார்கள். வசந்தத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர் அடுப்படியில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"எனக்கு நாலு வாத்து வேணும்."

"தண்ணிக்கு எங்க போறது எடெல்? கரைக்கு அந்தப் பக்கம் விட முடியாது."

"கொல்லையில ஒரு குட்டை வெட்டு. நான் கேக்கறது குட்டை. கடல் கேக்கலை."

அம்ப்ருஷ் முடியாது என்றார். விதியைச் சொன்னார். எடெல்கா எழுந்து சன்னலுக்குப் போய் வெறும் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனுஷனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், கொட்டகைக்குப் பின்னால், நாணல் மறைவில் முழங்கால் ஆழத்துக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார். களிமண் இரண்டு மீட்டர் தடிமன் இருக்கும், முழங்கால் ஆழம் ஒன்றும் செய்யாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துளை போட்டுப் பார்த்தாரா? இல்லை. ஊரான் குழி என்றால் துளை போட்டுப் பார்த்திருப்பார். நாலு வாத்து பதினாறு ஆயிற்று. எடெல்காவின் கன்னத்தில் சதை பிடித்தது. வருடா வருடம் தோண்டத் தோண்ட குட்டையும் கொஞ்சம் ஆழமாகிக்கொண்டே போயிற்று.

ஆறாவது வருடக் கோடையில் மழையே இல்லை. அப்போதுதான் நீர் அலுவலகத்திலிருந்து ஹல்மோஷ் யுதித் என்ற என்ஜினியர் வந்தார். முப்பது வயது இருக்கும், பேச்சில் வெடுக்கு, நடையில் அம்ப்ருஷுக்கு ஈடு கொடுப்பவர். பழைய ஆறு எங்கெங்கே கரைக்கு அடியில் குறுக்கே போகிறது என்று புதிதாக வரைபடம் போடுவது அவர் வேலை. ஏனென்றால் மணல் ஊற்று பெரும்பாலும் அங்கேதான் வரும். அந்த இடங்களில் மூட்டையும் மணலும் முன்கூட்டியே குவித்து வைத்தால் வெள்ளம் வரும்போது ஓடியலைய வேண்டாம். நூறு வருடத்துப் பழைய வரைபடத்தில் எங்கள் பக்கத்துத் தாளை எலி தின்றுவிட்டிருந்தது.

அம்ப்ருஷ் அவரைக் கரைமேல் நிறுத்தி நாற்பத்துநாலாம் கல்லுக்குப் பக்கத்தில், பாப்ளர் மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தைக் கழியால் காட்டினார். "கோதுமையைப் பாருங்கம்மா."

வயல் முழுக்கப் பச்சையாக இருந்தது. அதன் நடுவே மட்டும் ஒரு மஞ்சள் பட்டை, பெரிய வளைவாக வந்து கரையில் முட்டி நின்றது. கீழே மணல், ஈரம் நிற்காது, அதனால் அங்கே மட்டும் பயிர் முன்னாடியே காய்ந்துவிட்டது.

"பழைய ஆறு?" என்றார் யுதித்.

"ஆமா. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிக் காயும், அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும்."

"ஒரு கோடையில காஞ்சதை வெச்சு நான் கோடு போட முடியாது. வெள்ளத்துல என்ன நடக்குதுன்னு பாத்துட்டு உறுதி பண்றேன்." பென்சிலால் மெல்லிசாக ஒரு வளைவு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தார்.

அடுத்த மார்ச்சிலேயே வெள்ளம் வந்துவிட்டது. மலையில் பனி உருகியதும் மழையும் சேர்ந்துகொண்டன. படுகையில் வில்லோ மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. நாலாம் நாள் காலை, ஆட்கள் எல்லாம் மேல்புறத்தில் கரையை உயர்த்திக்கொண்டிருந்தபோது, எடெல்கா கொல்லையிலிருந்து ஓடி வந்தார்.

"அம்ப்ருஷ்! வாத்தெல்லாம் குட்டையில இறங்க மாட்டேங்குது. தண்ணி கொதிக்குது!"

போய்ப் பார்த்தார். குட்டையின் நடுவில் தொப்பி அகலத்துக்குக் குமிழ். சாம்பல் நிற மணல் சுழன்று சுழன்று மேலே வந்தது. ஆட்களைக் கூப்பிட வேண்டும், வட்டம் கட்ட வேண்டும். கூப்பிட்டால் எல்லோரும் குட்டையைப் பார்ப்பார்கள். வில்மா சித்தி பார்ப்பார். பாலிந்த் பார்ப்பார். சாவடியில் பத்தொன்பது வருடம் பேசிய பேச்செல்லாம் அவர் முகத்திலேயே வந்து விழும். வேலை போகும், வேலையோடு வீடும் போகும்.

அவர் கையை வாயில் வைத்துக் கூப்பிடவில்லை. தள்ளுவண்டியை எடுத்தார். கொட்டகையில் கிடந்த களிமண், சாணி, வைக்கோல், உடைந்த ஓடு, கடைசியில் கொட்டகைக் கதவு, எல்லாவற்றையும் குட்டைக்குள் கொட்டி மேலே ஏறி மிதித்தார்.

எடெல்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "நீயா இதைப் பண்றே? அடைக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

"வாயை மூடிட்டு அந்த ஓட்டுத் துண்டை எடு!"

குமிழ் நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. குட்டை இருந்த சுவடே தெரியவில்லை. அம்ப்ருஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கரைமேல் ஏறிப் பார்த்தார். கரையின் அடியிலிருந்து எட்டே தப்படியில், வண்டிச் சக்கரம் அகலத்துக்குத் தரை பிளந்து, சேறும் மணலுமாகத் தண்ணீர் முழங்கால் உயரம் எழும்பிக்கொண்டிருந்தது. கரைச் சரிவில் ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு. கரைக்குக் கீழே பள்ளத் தெருவில் அறுபது வீடு. உடைப்பு எடுத்தால் அரை மணி நேரம் தாங்காது.

அப்போது கத்தினார் பாருங்கள், மேல்புறத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. பாலிந்த் பண்ணை டிராக்டரில் மூட்டைகளோடு வந்தார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது, அந்த ஆள் முதலில் வந்தார். வில்மா சித்தி உட்பட எழுபது பேர் வரிசையாக நின்று மூட்டையைக் கை மாற்றினார்கள். அம்ப்ருஷ் பனிக்கட்டித் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று தன் கையாலேயே அடுக்கினார். இரண்டு வரிசை, நாலு வரிசை, ஏழு வரிசை. மதியம் தாண்டித்தான் தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் சாம்பல், பிறகு கலங்கல், பிறகு வட்டத்தின் விளிம்பிலிருந்து தெளிந்த தண்ணீர் வழிய ஆரம்பித்தது. வில்மா சித்தி ஒரு மிடறு பிளம் சாராயத்தை அவர் வாயில் ஊற்றினார். "குடிடா. உதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்கு." கொல்லை முழுக்க ஊற்றுத் தண்ணீர் பரவிக் கிடந்ததில் குட்டை இருந்த இடம் யார் கண்ணிலும் படவில்லை.

ஒருவர் கண்ணில் பட்டது. மறுநாள் வெள்ளம் வடியத் தொடங்கியதும் பாலிந்த் வந்தார். கையில் ஒரு பலகை, வாத்து குட்டையில் இறங்க எடெல்கா போட்டு வைத்திருந்த ஏணிப் பலகை. அதைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மிதந்து வந்தது. உன்னுதா இருக்கும்னு நினைச்சேன்."

அம்ப்ருஷ் பலகையைக் கொட்டகைக்குள் தள்ளினார்.

"கவலைப்படாதே தோழரே, நான் ஒண்ணும் பாக்கலை. நமக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். உனக்கும் அப்பப்ப மங்கலா இருந்தா நல்லது. சூளைக்கு இந்த வருஷம் களிமண் வேணும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்று பகல் யுதித் வந்து மூட்டை வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அம்ப்ருஷ் ஐயா, இதைப் படம் பிடிச்சுப் பாடத்துல போடலாம். இவ்வளவு சுத்தமா யாரும் கட்டி நான் பாத்ததில்லை." அம்ப்ருஷ் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று யுதித் நினைத்தார்.

மூன்று வாரம் அந்த மனுஷன் சோறு தண்ணி சரியாக இறங்காமல் திரிந்தார். ரொட்டியில் கொழுப்பும் வெங்காயமும் வைத்துக் கொடுத்தால் பாதியைக் கரையில் நாய்க்குப் போட்டார். பாலிந்தின் ஆட்கள் ஐம்பது தப்படியில் களிமண் வெட்ட முளை அடித்துவிட்டுப் போனார்கள். பார்த்தும் பார்க்காதவர்போல் நடந்தார். எடெல்கா தேற்றினார். "உடைப்பு எடுக்கலையே. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. விடு." அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஏப்ரல் கடைசியில் யுதித் சுருட்டிய வரைபடத்தோடு வந்து சமையலறை மேசையில் விரித்தார். எடெல்கா அவரைக் கசகசா தூவிய சேமியா சாப்பிடச் சொன்னார். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் யுதித் மைப் பேனாவைத் திறந்தார்.

"உங்க மஞ்சள் கோதுமை நம்மை ஏமாத்திடுச்சு ஐயா. பாப்ளர் வரிசையில ஒரு சொட்டுக் கசிவு கிடையாது, நானே பாத்தேன். ஊத்து வந்தது இங்க, உங்க வீட்டுக் கொல்லையில. அப்ப பழைய ஆறு இப்படித்தான் வளைஞ்சிருக்கணும்." பேனாவின் முனை காவல் வீட்டுக்கு மேலே காற்றில் ஒரு வளைவு போட்டது. "குவியல் எல்லாத்தையும் இங்க கொண்டாந்துடலாம். பாப்ளர் வரிசைக்கு ஒதுக்கினதை ரத்து பண்ணிடறேன். நீங்க கீழே கையெழுத்து போட்டா போதும்."

அம்ப்ருஷ் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு சேமியாவைச் சாப்பிடலாம். இந்த அடுப்பு, இந்தச் சன்னல், எடெல்காவுக்கு நெஞ்சுக்கு ஒத்துக்கொண்ட இந்தக் காற்று, எல்லாம் இருக்கும். அவர் சாகும்வரை இருக்கும். பாப்ளர் வரிசை இந்த வெள்ளத்தில் தாங்கியது, தண்ணீர் இன்னும் இரண்டு சாண் ஏறியிருந்தால் தாங்கியிருக்காது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு சாண் ஏறும் வருடம் வரும். மூட்டையெல்லாம் அன்றைக்கு இங்கே, அவர் கொல்லையில் கிடக்கும்.

"அந்தக் கோட்டை மையில போடாதீங்கம்மா."

"ஏன்?"

எடெல்கா அடுப்புப் பக்கமிருந்து திரும்பினார். "அம்ப்ருஷ்…"

"இங்க பழைய ஆறு கிடையாது. இங்க இருந்தது குட்டை. வாத்துக் குட்டை. நாப்பது தப்படியில. நான்தான் வெட்டினேன்."

யுதித்தின் கரண்டி தட்டில் விழுந்தது. "கொல்லையில நான் எந்தக் குட்டையும் பாக்கலையே."

"மூடிட்டேன். அன்னிக்குக் காலையில ஊத்து முதல்ல குட்டைக்குள்ளதான் வந்துது. சின்னதா. நான் அடைச்சேன். அதனாலதான் கரையோரம் பிச்சுக்கிட்டு வந்துது."

"அடைச்சீங்களா? நீங்களா?" யுதித் எழுந்தே விட்டார். முகம் சிவந்துவிட்டது. "அறுபது வீடு ஐயா! எழுபது பேரைக் கரைக்கடியில நிக்க வெச்சீங்க. உடைஞ்சிருந்தா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வெக்கமா இருந்துதும்மா. வேற ஒண்ணும் இல்லை. வெக்கம்தான்."

யுதித் சன்னலுக்குப் போய்க் கொல்லையைப் பார்த்தார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. "இதைச் சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப நான் எழுதித்தான் ஆகணும். எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"எழுதுங்க. பாலிந்த் அடிச்ச முளையையும் சேத்து எழுதுங்க. ஆனா கோட்டைப் பாப்ளர் வரிசையில போடுங்க. மூட்டை அங்க கிடக்கணும்."

யுதித் பாப்ளர் வரிசையின் பென்சில் வளைவின்மேல் மையில் கோடு போட்டு, கேள்விக்குறியை அழித்தார்.

எடெல்கா அன்றைக்கு அம்ப்ருஷைத் திட்டினதுபோல் யாரும் யாரையும் திட்டியிருக்க மாட்டார்கள். "ஊருக்கு நல்லவன் ஆயிட்டே! எனக்கு யாரு இருக்கா? நான் செத்துப் பொழைச்சு வந்து கேட்ட ஒரே ஒரு பொருள். அதையும் கொடுத்துட்டு, அதைக் கொண்டே என் வீட்டையும் பிடுங்கிட்டியே!" எடெல்கா சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை.

மே மாதம் வேலை போயிற்று, சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். வாத்துகளைச் சந்தையில் விற்றார்கள். பள்ளத் தெருவின் கடைசியில், ஊரிலேயே தாழ்வான இடத்தில், ஒரு அறையும் அடுப்படியும் கிடைத்தது. சுவரெல்லாம் ஈரம். எடெல்காவுக்கு மறுபடியும் இருமல் பிடித்துக்கொண்டது. களிமண் போன ஆத்திரத்தில் பாலிந்த் அம்ப்ருஷைப் பன்றிக் கொட்டகை கழுவப் போட்டார். சாவடிக்குப் போனால், "மாமா, ஊத்தை அடைக்கலாமா கூடாதா, கொஞ்சம் மறந்து போச்சு" என்று பின் பெஞ்சில் கேட்பார்கள். போவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் எடெல்கா உப்பு எங்கே, விறகு இல்லை என்பதற்கு மேல் பேசுவதில்லை. மூன்று குளிர்காலம் அப்படியே போயிற்று.

மூன்றாவது குளிர்காலம் முடிந்து வந்த வெள்ளம் பழைய வெள்ளத்தைவிட மூன்று சாண் உயரம். புதுக் காவலர் லோரின்ட்ஸ் நல்ல பையன்தான், ஆனால் இதுதான் அவருக்கு முதல் பெரிய வெள்ளம். ஊரே கரையில் நின்றது. அம்ப்ருஷும் மண்வெட்டியோடு மற்றவர்களோடு ஒருவராக நின்றார். காலை பத்து மணிக்குக் காவல் வீட்டுக் கொல்லை காய்ந்தே கிடந்தது. பத்தரைக்கு நாற்பத்துநாலாம் கல்லில், பாப்ளர் வரிசைக்கு எதிரே, மணல் ஊற்று ஒன்று கிளம்பியது. பிறகு இன்னொன்று. பிறகு அவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது, மேசை அகலத்துக்கு. கோதுமை காய்ந்த அதே வளைவில், அச்சுப் பிசகாமல். பக்கத்திலேயே தார்ப்பாய் போர்த்திய மணல் குவியலும் மூட்டைகளும் தயாராகக் கிடந்தன. தார்ப்பாயை இழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

லோரின்ட்ஸ் அவரிடம் ஓடி வந்தார். "மாமா, எதை முதல்ல கட்டறது?"

"நடுவுல இருக்கறதை. மத்தது ரெண்டும் கொஞ்சம் பொறுக்கும். மணல் வருதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இரு."

மூட்டை கை மாறத் தொடங்கியது. யாரும் பழைய கேலியைப் பேசவில்லை, பேச மூச்சும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அம்ப்ருஷுக்கு மூட்டை கொடுக்கும் கை மாறிவிட்டதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். எடெல்கா. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, இருமிக்கொண்டே நின்றார்.

"நீ எதுக்கு வந்தே? நெஞ்சுக்கு ஆகாது."

எடெல்கா முதல் வட்டத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், கரைக்குக் கீழே பள்ளத் தெருவின் புகைபோக்கிகளைப் பார்த்தார்.

"மூட்டை இங்க இல்லேன்னா?"

"நம்ம பழைய கொல்லையிலேருந்து தூக்கிட்டு வரதுக்குள்ள கரை உடைஞ்சிருக்கும்."

"நாம அங்கேயே இருந்திருந்தா? காவல் வீட்டுல?"

அம்ப்ருஷ் யோசித்தார். பொய் சொல்லலாம். இனி பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? "அது மேட்டுல இருக்கு எடெல். நமக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. வாசப்படி நனைஞ்சிருக்கும், அவ்வளவுதான்."

"வில்மா வீடு?"

"கூரை வரைக்கும்."

வரிசையில் அவர்களுக்கு மூன்றாவது ஆளாக வில்மா சித்தி நின்று, மூட்டை வரவில்லையே என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எடெல்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கினார்.

"அப்ப சரி. பிடி."